மச்சான் தெரிவு செய்த சீல்

இதை எழுத நினைத்து, நினைத்தபடியே சில வருடங்கள் ஓடிவிட்டன. எழுத உட்காருவேன். முதல் வரி வருவதற்குள் என் மனைவியின் முகம் முன்னால் வந்து நிற்கும். உடனே எழும்பி வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் விடப் போய்விடுவேன். எழுதினால் அவளுக்கு ஒரு நோவு, எழுதாவிட்டால் இன்னொரு நோவு. எது பெரியது என்று எனக்குத் தெரியவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை சொல்லமாட்டேன், அதற்கு மண்டூர் முருகன் சாட்சி.

எங்கள் ஊரில் என் மனைவியைப் பற்றி ஒரு கதை உலாவுகிறது. சாகக் கிடந்த தம்பிக்குத் தன் காரை ஒருதரம் ஓட்டிப் பார்க்க ஆசை இருந்ததாம். எஞ்சினுக்கு உயர்ந்த சாமான்தான் போடவேண்டும் என்று அக்காக்காரி பிடிவாதம் பிடித்தாளாம். சாமான் வருவதற்குள் அவன் போய்ச் சேர்ந்துவிட்டானாம். கோயிலிலும் சந்தையிலும் இப்படித்தான் சொல்கிறார்கள். அதில் பாதி நடந்தது. மற்றப் பாதி எனக்கு மட்டும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். நான் இந்தக் களுதாவளை வளவுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது மனைவியின் தம்பி, என் மச்சான், அரைக் காற்சட்டையோடு திரிந்தான். தாய் தகப்பன் போனபிறகு எங்களோடுதான் இருந்தான். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் அக்காவிடம் சொல்லமாட்டான், என் காதுக்குள் வந்து சொல்வான். வளர்ந்ததும் கட்டாருக்குப் போய், கார் திருத்துகிற ஒரு கராச்சில் வேலை செய்தான். அங்கே யாரோ ஒரு பணக்காரனுடைய காரில் ரோட்டரி எஞ்சினைக் கண்டிருக்கிறான். அந்த எஞ்சின் போட்ட கார் ஒன்று வாங்கவேண்டும் என்ற ஆசை அன்றைக்கே அவனுக்குள் புகுந்துவிட்டது.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் கொஞ்சம் தணிந்தபோது நாட்டுக்கு வந்தான். கொழும்புப் பக்கத்தில் ஒரு யார்டில் ஓடாமல் கிடந்த சிவப்புக் கார் ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினான். இரண்டே கதவு. அடுத்த வளவு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"ரெண்டு பேர் ஏற ஒரு காரா மனே? வெத்திலக் கூடய மடியில வச்சிக்கிட்டா சந்தைக்குப் போறது?"

"கூடைய சீற்றில ஏத்துறன் மாமி. நீங்க பின்னால நடந்து வாங்க."

மாமி ஏசிக்கொண்டே சிரித்தா. வீடு முழுக்கச் சிரித்த நாள் அது. பிறகு அப்படி ஒரு நாள் எங்களுக்கு வரவில்லை.

எஞ்சினுக்குள் காற்றை இறுக்குகிற அமுக்கம் இல்லை என்று மச்சான் பார்த்தவுடனேயே சொல்லிவிட்டான். மட்டக்களப்பு ரவுணில் கராச் வைத்திருக்கும், போர்த்துக்கேய வழி வந்த பறங்கியர் ஒருவரைக் கூட்டிவந்தான். ஞாயிறு தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போகிற, கதை பேச்சுக் குறைந்த மனிதர். இரண்டு பேருமாக எஞ்சினை இறக்கிப் பிரித்தார்கள். உள்ளே இருந்த பொருளை ஒரு சாக்கில் வைத்து மச்சான் வீட்டுக்குள் கொண்டு வந்தான். நானும் மனைவியும் பாயில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தோம். அதை எங்கள் நடுவில் வைத்து அக்காவுக்குப் பாடம் எடுத்தான்.

ரோட்டர் என்றான். பக்கங்கள் வீங்கின முக்கோணம் போல இரும்பு. இந்த எஞ்சினில் பிஸ்டன் இல்லை, இந்த முக்கோணம்தான் எஞ்சினின் கூட்டுக்குள் சுற்றுகிறது. அதன் ஒவ்வொரு முனையிலும் ஒரு பிளவு. அந்தப் பிளவுக்குள் விரல் நீளத்தில் ஒரு மெல்லிய தகடு, அதுதான் ஏபெக்ஸ் சீல். அடியில் இருக்கும் ஸ்பிரிங் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சீலின் நுனி கூட்டின் சுவரைத் தொட்டபடி ஓடவேண்டும். தொடாவிட்டால் அமுக்கம் இல்லை, எஞ்சினும் இல்லை.

சீலில் இரண்டு வகை உண்டு என்றும் சொன்னான். கார் செய்த கொம்பனியே ஜப்பானில் இருந்து அனுப்புகிற கொம்பனிச் சீல் ஒன்று. எஞ்சினைக் கண்டபடி அடித்து ஓட்டினால் அது உடைந்துபோகும். ஒழுங்காக ஓட்டினால் கூட்டின் சுவரைக் கெடுக்காது, வருடக்கணக்கில் ஓடும். மற்றது வெளியாட்கள் செய்து விற்கிற உருக்குச் சீல். அது உடையாது. ஆனால் சுவரில் பூசியிருக்கிற குரோமைக் கொஞ்சம் கொஞ்சமாக உரஞ்சித் தின்னும். குரோம் போனால் கூடு குப்பைக்குத்தான். அந்தக் கூட்டை இந்த நாட்டில் திரும்பப் பூசவும் ஏலாது, வாங்கவும் ஏலாது.

"அப்ப உருக்குச் சீல ஆர் போடுற?" என்று மனைவி கேட்டாள்.

"அவசரக்காரன் போடுவான் அக்கா. ரேஸ் ஓடுறவன், ஓடிட்டு விக்கப் போறவன். நாம அவசரமில்லாத ஆக்கள்."

அந்தப் பேச்சு அவள் மனதில் அப்படியே பதிந்துவிட்டது.

அந்த மாதமே அவனுக்குக் காய்ச்சல் வந்து வந்து போனது. உடம்பு வற்றியது. கால்களில் நீலமாகத் தடம் விழுந்தது. மட்டக்களப்பில் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்கள். இரத்தத்தில் வருகிற புற்றுநோய். டொக்டர் என்னையும் மனைவியையும் வெளியே கூப்பிட்டு, பிந்திவிட்டது என்றார். மருந்து கொடுத்துப் பார்ப்போம், மாரி மழை முடியும் வரைக்கும் இருப்பான் என்றுகூடத் தன்னால் சொல்ல ஏலாது என்றார். டொக்டர் போனதும் மனைவி முதலில் சொன்னது, தம்பிக்கு இது தெரியக்கூடாது என்பதுதான். எங்கள் ஆட்கள் நோயாளிக்கு இதைச் சொல்வதில்லை. சொன்னால் மனம் விழுந்துவிடும், மனம் விழுந்தால் உடம்பும் விழும். இரத்தம் குறைவு, ஊசி போட்டால் மாறும் என்று அவனிடம் சொன்னோம். அவனும் சரி என்றான்.

ஊருக்கு வந்த அடுத்த வெள்ளிக்கிழமை குருமண்வெளித் துறையில் பாதை ஏறினோம். பாதை என்பது ஆட்களையும் வாகனங்களையும் வாவிக்கு அக்கரை சேர்க்கிற மிதவை. அக்கரையில் மண்டூர். மனைவி முருகனுக்கு முன்னால் கண்ணை மூடி நேர்த்திக்கடன் வைத்தாள். "தம்பியின் காரை எழுப்பி ஓட வை, கற்பூரச்சட்டி எடுக்கிறேன்" என்று வைத்தாள்.

தம்பியின் உயிரைக் காப்பாற்று என்று அவள் கேட்கவில்லை. கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. உயிர் என்று சொன்னால் சாவு என்பதும் பக்கத்தில் வந்து நிற்கும் என்ற பயம். கார் ஓடினால் ஓட்டுகிறவன் இருப்பான்தானே என்று நினைத்தாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அந்த நேர்த்தியில் எனக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

சில நாளில் பறங்கியர் வீட்டுக்கு வந்தார். கூடு நல்லாயிருக்கிறது, சீல்தான் தீர்மானிக்கவேண்டும் என்றார். உருக்குச் சீல் கொழும்பில் ஒருவரிடம் இருக்கிறது, பஸ்ஸில் போட்டுவிடுவார், கிழமை முடிய முன்னம் எஞ்சின் பூட்டலாம். கொம்பனிச் சீல் ஜப்பானில் இருந்து வரவேண்டும், இப்போது கப்பல் சாமான் சுங்கத்தில் கிடந்து கிடந்துதான் வருகிறது. இதைச் சொல்லிவிட்டு அவர் மச்சானைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அவருக்கு நான் நோயைச் சொல்லியிருந்தேன்.

மச்சான் வாய் திறக்க முதல் மனைவி அடுப்படியில் இருந்து வந்துவிட்டாள்.

"கொம்பனிச் சீல்தான் போடுற. எங்களுக்கு என்ன அவசரம்?"

முற்றத்தில் நின்ற மாமிக்கும் அது கேட்டது. ஊர்க்கதை அந்த ஒரு வார்த்தையில் இருந்துதான் முளைத்தது.

மச்சான் அக்காவின் முகத்தைப் பார்த்தான். பிறகு பறங்கியரிடம், கொம்பனிச் சீல் எப்போது கைக்கு வரும் என்று கேட்டான். மாரி கழிந்துதான் என்றார் அவர்.

"அப்ப அதையே எடுங்க அண்ணன்," என்றான் மச்சான். மனைவியின் முகம் வெளிச்சமானது.

வாசல் படலை வரைக்கும் நான் பறங்கியரோடு போனேன். அவனுக்கு ஒருதரம் காரை ஓடிப் பார்க்கக் கொடுப்பினை வேண்டாமா, நாளைக்கே உருக்குச் சீலை எடுக்கட்டுமா என்று அவர் மெல்லிய குரலில் கேட்டார். பொறுங்கள், நான் கதைத்துப் பார்க்கிறேன் என்று அனுப்பினேன்.

அடுத்த நாள் காலை மச்சான் வெற்றிலைத் தோட்டத்துக்கு என்னோடு வந்தான். நடந்தால் இளைத்தது. கிணற்றுக் கட்டின் மேல் உட்கார வைத்தேன். உருக்குச் சீலே போதும் தம்பி, அக்காவை நான் சமாளிக்கிறேன், இந்தக் கிழமைக்குள் ஓட்டலாம் என்று சொன்னேன். அவன் கிறுகித் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அத்தான், ஒங்களுக்குப் பொய் சொல்லத் தெரியா. டொக்டர் என்ன சொன்னாரெண்டு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டில் கால்மாட்டுல தொங்கின பேப்பர நான் வாசிச்சிட்டன். கட்டார்ல ஏழு நாட்டுக்காரனோட இங்கிலீசிலதானே வேல செஞ்ச நான்."

வாளிக் கயிற்றைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப ஓடிப் பாரன் தம்பி. ஒருக்கா எண்டாலும் ஓடிப் பாரன்."

"ஆசைதான். இல்லயெண்டு சொல்லமாட்டன். ஆனா நான் உருக்குச் சீல் போடு எண்டு சொன்னா அக்காக்கு அந்த நிமிசமே விளங்கிரும். அவசரக்காரன்தான் அதப் போடுவான் எண்டு நாந்தானே படிப்பிச்சன். எனக்குத் தெரியும் எண்டு அவவுக்குத் தெரிஞ்சா, அதுக்கு மறுகா அவ ஆரிட்டப் போய் நேர்த்தி வைக்கிற? அவ நம்பிக்கிட்டு இரிக்கட்டும் அத்தான். அவ கஞ்சி கொண்டுவரக்குள்ள முகத்துல ஒரு வெளிச்சம் இரிக்கு. எனக்கு அது போதும்."

இன்னொன்றும் சொன்னான்.

"எஞ்சின் கூடும் பாவம். நாலு நாள் நான் ஓடுறதுக்காக அதக் கீறிப்போட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?"

இதை அக்காவிடம் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டான். நான் தலையாட்டினேன். அவன் கை சுட்டது. அன்றைக்கு அவன் கிணற்றுக் கட்டில் இருக்க, நான் கொடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். எந்தப் பாத்திக்கு விட்டேன், எதை விட்டுவிட்டேன் என்று தெரியாமல் விட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை ஊர் முழுக்கக் கண்டது. மாமரத்துக்குக் கீழே எஞ்சின் இல்லாத காரில் அவன் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஓட்டுகிற சீற்றில் இருப்பான். சில நேரம் போன் பார்ப்பான், சில நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருப்பான். மனைவி கஞ்சியைக் கொண்டுபோய்க் கதவுக்குப் பக்கத்தில் நின்று பருக்குவாள். சீல் கப்பல் ஏறிவிட்டதாம் என்பாள். ஓம் அக்கா, வரும் என்பான். தெருவால் போகிறவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? ஆசையோடு ஒருவன் காத்துக் கிடக்கிறான், அவனுடைய அக்கா காக்க வைக்கிறாள் என்றுதான் தெரிந்திருக்கும். வேறு விதமாக நினைக்க அவர்களுக்கும் வழியில்லை. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை.

மழை தொடங்கி வாவி நிரம்பின காலத்தில் அவன் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் அல்ல, வீட்டில். கடைசியில் பேச்சு இல்லை. அக்காவின் கை அவன் நெற்றியில் இருந்தது. மழைக்குள் கொண்டுபோய் அடக்கம் செய்தோம்.

முப்பத்தோராம் நாள் கழிந்து, சாவுத் துடக்கு நீங்கி, மழையும் விட்ட பிறகு கொம்பனிச் சீல் வந்தது. சின்னப் பெட்டி. எண்ணெய்த் தாளில் சுற்றிய தகடுகள். பறங்கியர் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். திருப்பி அனுப்பிவிடலாம் என்று நான் சொன்னேன். மனைவி பெட்டியைத் திறந்து ஒரு தகட்டை எடுத்துப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். "பூட்டுங்க அண்ணன்," என்றாள்.

அவர் ஆறுதலாக, பார்த்துப் பார்த்துப் பூட்டினார். எஞ்சினைக் காரில் ஏற்றி எங்கள் முற்றத்தில் வைத்துத்தான் ஸ்டார்ட் பண்ணினார். இரண்டு மூன்று தரம் இழுத்தது, பிறகு பிடித்துக்கொண்டது. மற்றக் கார்களைப் போல இல்லை, ஒரு சீரான இரைச்சல். மனைவி முற்றத்து மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கார் எழும்பிவிட்டது. அவள் கேட்டது அவ்வளவுதான். முருகன் கேட்டதைக் கொடுத்துவிட்டான். அப்போதுதான் அந்த நேர்த்தியின் குறை எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

நேர்த்தியை வைத்தால் செய்யவேண்டும். சாவு நடந்த வீடு என்பதால் வருடம் திரும்பும் வரைக்கும் திருவிழாவுக்குப் போகாமல் இருந்து, அடுத்த ஆவணியில் போனோம். பறங்கியர் காரை ஓட்டினார், அவருக்குப் பக்கத்தில் மனைவி. பின்னால் இருந்த ஒடுக்கத்துக்குள் நான் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தேன். குருமண்வெளியில் பாதையில் கார் ஏறியதும் சனம் கிறுகிப் பார்த்தது. அடுத்த வளவு மாமியும் சனத்துக்குள் நின்றா. முகத்துக்கு நேரே சொல்லவில்லை, பக்கத்தில் நின்ற பெண்ணுக்குச் சொல்வது போலச் சொன்னா.

"தம்பிய ஒருக்காவும் ஓட விடல்ல. இப்ப ஆர் ஏறிப் போறா எண்டு பாருங்க."

மிதவை சின்னது. சொன்னது எல்லோருக்கும் கேட்டது. பறங்கியர் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி தலையைக் குனிந்தார். மனைவி நேரே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, அவன்தான் அதைத் தெரிவு செய்தான், எல்லாம் தெரிந்துதான் செய்தான் என்று. ஆனால் அவன் மறைத்துவைத்ததை அவளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எப்படிச் சொல்வது? மண்டூரில் அவள் கற்பூரம் எரியும் சட்டியை ஏந்திக்கொண்டு வெயிலில் கோயிலைச் சுற்றி வந்தாள். சட்டிக்கு அடியில் வைத்த வேப்பிலையையும் மீறி அவள் உள்ளங்கை சுட்டிருந்தது. வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

அப்படியே வருடங்கள் போயின. இந்த முறை திதிக்கு அவனுக்குப் பிடித்த இறால் சொதியும் வைத்துப் படைத்தாள். படைத்துவிட்டு வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்து, தனக்குள் பேசுவது போலச் சொன்னாள்.

"நான் அண்டைக்கு வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா அவன் ஓடியிருப்பான்."

ஊர் சொல்வதை அவளும் நம்பிவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இவ்வளவு காலமும் அதைச் சுமந்துகொண்டுதான் அவள் சமைத்தாள், வெற்றிலை அடுக்கினாள், கோயிலுக்குப் போனாள். மச்சானுக்குக் கொடுத்த வாக்கு பெரியதுதான். ஆனால் அவன் அந்த வாக்கைக் கேட்டதே அக்கா நோகக்கூடாது என்றுதான். நோவைத் தடுக்காத வாக்கை நான் யாருக்காகக் காக்கிறேன்? முருகா, பிழையென்றால் என்னைப் பிடி என்று நினைத்துக்கொண்டு, கிணற்றுக் கட்டில் அவன் சொன்னது அத்தனையையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. இலையை எடுத்துக் காகத்துக்கு வைக்கப் போனாள், நெடுநேரம் திரும்பி வரவில்லை. அன்றைக்கும் அடுத்த நாளும் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வெற்றிலை அடுக்கும்போது தலை நிமிராமல் கேட்டாள்.

"கஞ்சி குடிக்கக்குள்ளயும் அவனுக்குத் தெரியுமா?"

"ஓம்."

"சீல் கப்பல் ஏறிட்டு எண்டு நான் சொல்லக்குள்ளயும்?"

"ஓம்."

கையில் இருந்த வெற்றிலையைத் துடைத்தாள், திரும்பவும் அதையே துடைத்தாள்.

"நான் அவனுக்கு மறைக்கிறன் எண்டு நினச்சிக்கிட்டு இருந்தன். அவன் எனக்கு மறைச்சிரிக்கான்." வெற்றிலையை அடுக்கில் வைத்துவிட்டுச் சொன்னாள், "ஊருக்கு எழுதப் போறீங்க எண்டா எழுதுங்க. ஆனா அவன் எனக்காகத்தான் ஓடாம விட்டான் எண்டத விட்டுராதீங்க. அது எனக்குப் பாரம்தான். எண்டாலும் அது என்ட பாரம். ஊர் தந்த பாரம் வேற."

அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதினேன். எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் நான் அவளுக்காக மென்மையாக்கி எழுதியிருந்ததை அவளே திருத்தச் சொன்னாள்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை இன்னொருவருக்குச் சொன்னால் இப்படியே சொல்லுங்கள். அக்கா தடுத்தாள் என்று கூட்டவும் வேண்டாம், அக்காவுக்கு இதில் பங்கே இல்லை என்று குறைக்கவும் வேண்டாம். அவன் ஆசையில்லாதவன் என்றும் சொல்லவேண்டாம், அவனுக்கு ஆசை இருந்தது. முருகன் கைவிட்டான் என்றும், முருகன் காட்டினான் என்றும் சொல்லவேண்டாம், அது எனக்கே தெரியாது. கொம்பனிச் சீலை அவன் தன் வாயால் கேட்டான், என்ன கேட்கிறோம் என்று தெரிந்துதான் கேட்டான். இதை மாற்றாமல் சொன்னால் போதும்.